கோத்தகிரி லோடு

எனக்குக் கல்யாணம் ஆனபோது முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அத்தைதான் வரன் பார்த்தார். மாப்பிள்ளை கோத்தகிரிக்காரர், லாரி டிரைவர். கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். திரும்பும்போது சிமெண்டோ உரமோ ஏற்றி வருவார். பத்தாவது வரைதான் படிப்பு. நான் சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்ப்பவள், டிப்ளோமா முடித்தவள். அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டிலும் பேசியது சம்பளத்தைப் பற்றித்தான். மலையில் ஒரு மாதம் ஓட்டி வாங்குவதைச் சிங்கப்பூரில் ஒரு வாரத்தில் வாங்கிவிடலாம் என்று அத்தை சொன்னதும் அவருடைய அம்மா சம்மதித்துவிட்டார்.

அவர் மட்டும் என்னைத் தனியாகப் பார்த்தபோது, "அங்க மலை இருக்குங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இருக்கும் ஊர் புக்கிட் பாத்தோக், புக்கிட் என்றால் மலாயில் குன்று என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கல்யாணம் முடிந்து சிங்கப்பூர் வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவரை அந்தக் குன்றுக்குக் கூட்டிப்போனேன். மூச்சுகூட வாங்காமல் உச்சியில் போய் நின்று, "முடிஞ்சிருச்சா அம்மிணி?" என்றார். அன்றைக்கு இருவருமே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

லைசென்ஸை மாற்றுவதற்கான தேர்வுக்குத் தமிழில் படித்து இரண்டாவது முறையில் தேறினார். காய்கறி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. விடிவதற்குள் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் ஏற்றி, தேக்காவில் கடை கடையாக இறக்க வேண்டும். நல்ல டிரைவர் என்று முதலாளிக்கு அவர்மேல் தனி மரியாதை. சாலையில் ஒரு அபராதச் சம்மன்கூட வாங்கியதில்லை. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு புடவையும், க்வீன்ஸ்டவுனில் இருந்த என் அம்மாவுக்கு ஒரு சாய்வு நாற்காலியும் வாங்கினார். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நான் ஒரே பிள்ளை. லீவு நாளில் அவரே அம்மாவைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார்.

குறை சொல்ல எதுவுமே இல்லாத மனிதர். அதனால்தான் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. வந்த புதிதில் சாப்பிடும்போது மலை லாரிக் கதைகளாகச் சொல்வார். வழியை மறித்துக்கொண்டு படுத்த காட்டெருமை, மண் சரிந்து இரண்டு நாள் பாதை அடைபட்டபோது லோடிலிருந்த கேரட்டையே எல்லோரும் தின்றது. பிறகு கதைகள் நின்றுபோயின. டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். குழந்தைக்கு முயன்றோம், கரு நிற்கவில்லை. அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டோம்.

ஒருநாள் வேலை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். சம்பளம் நல்ல சம்பளம், முதலாளி நல்லவர் என்றார். பிறகு, "இங்க நான் ஓட்டறதில்ல அம்மிணி. லைட்டுதான் ஓட்டுது. பச்சைன்னா போறேன், சிவப்புன்னா நிக்கறேன்," என்றார். டிரைவர் என்றால் அதுதானே வேலை என்று எனக்குத் தோன்றியது.

நான்காவது வருடம் அவர் தங்கையின் புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு வார லீவில் ஊருக்குப் போனார். அவருடைய பழைய லாரி முதலாளிக்கு அப்போது டிரைவர் இல்லை. இந்தச் சம்பளத்துக்கு அந்த வளைவுகளில் யார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது என்று சின்னப் பையன்கள் எல்லோரும் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்களாம். ஏற்றிய கேரட் நின்றுகொண்டிருக்கிறது, ஒரே ஒரு நடை இறக்கிக் கொடு என்று அந்த முதலாளி கேட்டிருக்கிறார். இவர் இறக்கினார். மேட்டுப்பாளையத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். வழியெல்லாம் மழை என்றும், ஒரு யானை குறுக்கே வந்தது என்றும் மூச்சுவிடாமல் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு நடை பல நடைகளானது. லீவை நீட்டினார், மறுபடியும் நீட்டினார். இங்கே கம்பெனி முதலாளி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வேறு ஆள் போட்டுவிட்டதாக வருத்தத்தோடு சொன்னார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவருடைய பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிவர நான் கிளம்பினேன்.

போன மறுநாள் என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டார். கோத்தகிரியைத் தாண்டியதும் பனி இறங்கியது. எனக்கு முன்கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, கீழேயிருந்து வரும் ஹாரனைக் காதால் தேடினார். லாரி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே இறங்கியது. நான் கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவர் மேலேறி வரும் பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்று, அந்த டிரைவரிடம் எத்தனையாவது வளைவில் மண் விழுந்திருக்கிறது என்று விசாரித்தார். ஒரு டீக்கடையில் ஒரு பெண் கையைக் காட்டினாள். கீழே ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவனுக்கு மாற்றுத்துணி கொடுத்தனுப்பினாள். இவர் வருவார் என்று காலையிலிருந்தே அங்கே நின்றிருக்கிறாள்.

நான் சாலையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான்கு வருடம் என் வீட்டில் இருந்தவர் முகத்தில் இந்தக் களையை நான் பார்த்ததே இல்லை. எந்த ஊர்ச் சம்பளத்தைச் சொல்லியும் இவரை இங்கிருந்து இறக்க முடியாது என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து, இன்னும் கொஞ்ச தூரந்தான் என்று என்னைத் தேற்றினார்.

மண்டியில் லோடு இறக்கியபின் டீ வாங்கிக் கொடுத்து, "நீயும் இங்கயே இருந்துக்கோயேன்," என்றார்.

"அம்மாவ யார்லா பாத்துக்குவா?" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அவருக்கும் அது தெரியும். கேட்காமல் விட்டுவிட்டோமே என்று பின்னால் இருக்கக்கூடாது என்பதற்காகக் கேட்டிருப்பார். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே விடாத இடம் வரைக்கும் வந்தார். நான் தனியாகத் திரும்பினேன். சிங்கப்பூரில் தங்குவதற்கான அவருடைய பாஸ் காலாவதியானது. புதுப்பிக்க யாரும் போகவில்லை.

போன வருடம் அம்மா போய்விட்டார். தகவல் சொன்ன மறுநாளே அவர் வந்து நின்றார். மகன் இல்லாத அம்மாவுக்கு அவர்தான் எல்லாச் சடங்கும் செய்தார். காரியம் முடியும்வரை புக்கிட் பாத்தோக் வீட்டில் இருந்தார். சமைத்தார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், நான் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கிளம்புவதற்கு முந்தைய நாள், நானாகவே சொன்னேன். அம்மாவும் இல்லை, இனிமேல் எனக்கு இங்கே பிடிப்பு எதுவும் கிடையாது, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் மடித்துக்கொண்டிருந்த சட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, "வராத அம்மிணி," என்றார். "நான் இங்க இருந்த மாதிரி நீ அங்க இருப்ப. குறையே சொல்ல மாட்ட. அத தெனமும் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

அப்படி ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஜாலான் புசார், என் கடை, காலை எம்ஆர்டி ரயில் கூட்டம், தேக்காவில் எனக்கென்று தோசை ஊற்றித் தருபவர் எல்லாம் கண்முன் வந்தன. அந்தப் பனியில் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த என் கைகளும்தான். அவர் என் தலையில் கை வைத்தார். யார்மேலாவது கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று அன்று நினைத்தேன்.

விவாகரத்து கேட்டு இருவருமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்கிறோம். மழை பெய்ததா, பாதை திறந்திருக்கிறதா என்று நான் கேட்பேன். சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார். கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் சென்ற வாரம் என் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டாள். மலையில் லாரி ஓட்டுகிறார் என்றேன். அங்கே என்ன சம்பளம் வரும் என்றாள். சொன்னேன். அதைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, இதற்காகவா அவர் உங்களை விட்டு அங்கே இருக்கிறார் என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.