உளிக்கோடுகளுக்கு அடியில்

மலாக்காவில் தங்கா பத்துக் கடற்கரையிலிருந்து நான்கு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. விடிவதற்குள், வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையாக நிற்கும் பெரட்டில் ஆட்களை எண்ணிப் பெயர் பதிய வேண்டும். நூற்றுப் பதினாறு பேர். இரண்டு முறை எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போனாலும் மூன்றாம் முறை எண்ணாவிட்டால் மனம் ஆறாது.

ஆட்கள் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் முனியாண்டி இருந்தார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கருங்கல். வடிகால் வெட்டும்போது மார்பளவு ஆழத்தில் கிடைத்தது. ஒரு முனை அகன்று மெலிந்திருந்ததால், சாதாரணக் கல் இல்லை என்று எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி வைத்துவிட்டார்கள். பால்மரம் வெட்டப் புது உளி வாங்குகிற யாரும் முதலில் அந்தக் கல்லில்தான் ஒருமுறை தீட்டுவார்கள். அப்படித் தீட்டிய உளி மரப்பட்டையைக் காயப்படுத்தாது என்பது நம்பிக்கை. நானும் அதைத் தவறென்று நினைக்கவில்லை. காயம்பட்ட மரங்களின் கணக்கும் என்னிடம்தானே இருந்தது.

நான் சேர்ந்த ஐந்தாம் வருடம் ஒரு நாள், மலாக்கா டவுன் வாசகசாலையிலிருந்து இரவல் வாங்கிய இங்கிலீஷ் புத்தகத்தைப் பகல் சாப்பாட்டின்போது புரட்டினேன். ஆதிகால மனிதர்களைப் பற்றியது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு படம். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மரத்தடிக்கு ஓடினேன். படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தேன். நாங்கள் கும்பிட்டது ஒரு கோடாலி. யாரோ ஒரு மனிதன் உட்கார்ந்து, தட்டித் தட்டிச் செதுக்கிய கோடாலி.

பால் நிறுக்கும் கொட்டகையில் அன்று என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தது, சுமத்ராவும் ஜாவாவும் இந்த மண்ணும் ஒரே நிலமாக இருந்தன, அந்த மனிதர்கள் நடந்தே வந்தார்கள் என்றேன்.

“நடந்தா?” என்றாள் ஒரு வெட்டுக்காரி. நாற்பது வயதிருக்கும். தோட்டத்தில் அவளைப்போல உளி தீட்ட ஆள் கிடையாது. எல்லோருக்கும் அக்கா. “நாங்க ஏழு நாளு கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்தோம். அவங்களை எந்தக் கங்காணி நடக்க வெச்சுக் கூட்டியாந்தான்?”

“கங்காணி இல்லக்கா. தானா வந்தாங்க.”

“தானா வந்தவன் எவன், கிராணி ஐயா, காட்டுல தங்குவான்? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்குலா.”

கொட்டகையே சிரித்தது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. அந்தக் கல் உண்மையிலேயே மனிதன் செய்ததுதான் என்று யாராவது தெரிந்தவர் சொல்லிவிட்டால் போதும் என்று தவித்தேன். படத்தை வைத்துக்கொண்டு சொல்வது ஊகம். ஊகம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மூன்று வாரம் கழித்து, பழைய பொருள்களை ஆராய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் துரையின் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்தார். எப்படித்தான் துணிந்தேனோ, பங்களாப் படியேறிச் சொல்லிவிட்டேன். அவர் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து வந்தார்.

முனியாண்டிக்குப் பூசை செய்கிறவரிடம் கேட்டுக்கொண்டு, மஞ்சளைக் கழுவி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கல் முழுவதும் தட்டிச் செதுக்கியது, ஆனால் வெட்டும் வாய்ப்பக்கம் மட்டும் தேய்த்து மெருகேற்றியிருக்கிறது என்றார். வெறுமனே செதுக்கத் தெரிந்தவர்கள் தேய்த்துக் கூராக்கக் கற்றுக்கொண்ட காலம் இதில் தெரிகிறது என்று மளமளவென்று எழுத ஆரம்பித்தார்.

அந்த மெருகு எங்கள் உளிகளுடையதாக இருந்தால்? வாயை மூடிக்கொண்டால் என் கல் புத்தகத்தில் ஏறும். ஆனால் நான் பார்த்த ஐந்து வருடத்தில் மட்டும் எத்தனையோ புது உளிகள் அதில் உரசியிருக்கின்றன. தப்புக் கணக்கு ஒன்று என்னால் எழுதப்படுவதைத் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன்.

அவர் பேனா நின்றது. முகம் விழுந்துவிட்டது. பிறகு, எப்படித் தீட்டுவார்கள், காட்டச் சொல் என்றார். நான் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கல்லைத் தொடாமல், உளியைக் காற்றில் முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினாள். வெள்ளைக்காரர் கண்ணாடியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்த ஒல்லிக் கோடெல்லாம் நம்மது. இது எங்க வீட்டுக்காரரு, அழுத்தித் தேய்க்கிறவரு. ஆனா ஐயா, அடியில வேற இருக்கு.”

“என்ன வேற?”

“குறுக்கால, அகலமா, லேசா. உளியைக் கொண்டாந்து கல்லுல தேய்ச்சா இப்படி வராது. கல்லையே கையில பிடிச்சு, பெரிய பாறையில தேய்ச்சிருக்காங்க. மணலும் தண்ணியும் போட்டு. எங்க கோடு அதுக்கு மேலதான் ஏறிப் போகுது, பாருங்க.”

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் மண்ணில் முழங்காலிட்டுவிட்டார். அவள் விரல் காட்டிய இடத்தில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். எங்கள் கோடுகளைப் பதினேழு வரை எண்ணினேன். அவற்றுக்குக் கீழே, நிழல்போல, வேறொரு கை தேய்த்த தடம் குறுக்கே ஓடியது. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி உடல் சிலிர்த்ததில்லை.

அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கல்லை வரைந்தார். அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். கல்லைக் கொண்டுபோகவா என்று கேட்டதற்குப் பூசை செய்கிறவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். வெள்ளைக்காரரும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட நோட்டைத் திறந்தேன். அக்கா முன்வரிசையில் நின்றிருந்தாள்.

“கிராணி ஐயா, அவங்க எந்தப் பக்கமா நடந்து வந்தாங்க?”

நான் கையை நீட்டிக் காட்டினேன். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பொம்பளைங்களும் புள்ளை தூக்கிட்டு வந்தாங்களா என்று ஒருத்தி கேட்டாள். என்ன தின்றார்கள் என்று இன்னொருவர் கேட்டார். தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அன்று வேலை பதினோரு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. யார் பெயருக்கு எதிரிலும் நான் தாமதம் என்று குறிக்கவில்லை.