நீல பெல்ட்டுக்கு இரண்டு நிமிடம்

என் மனைவி சீருடை தைக்கும் கம்பெனியில் துணி சோதிக்கிறவள். நாற்பத்தொரு வயது, நாற்பத்தாறு கிலோ. நான் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். என் எடையைச் சொன்னால் கண் பட்டுவிடும். இரண்டு வருடமாக இருவரும் ஒரே ஜியு-ஜிட்சு மல்யுத்த வகுப்புக்குப் போகிறோம். அவள் ஆசைப்பட்டுப் போகிறாள், நான் அவளுக்குப் பயந்து போகிறேன்.

அன்று அவளுக்கு நீல பெல்ட் தேர்வு. ஓப்பன் கார்ட் என்ற தற்காப்பு நிலையில் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். மல்லாந்து படுத்து, எதிராளியின் சட்டைக்கைகளைப் பிடித்துக்கொண்டு, பாதங்களை அவன் இடுப்பில் ஊன்றித் தள்ளியே வைத்திருக்க வேண்டும். கால்களைத் தாண்டி வந்து அவன் அமுக்கிவிட்டால் தோல்வி. எட்டு மாதமாகக் கட்டிலில் படுத்துச் சுவரில் கால் ஊன்றிப் பழகினாள். தூக்கத்தில் என்னையும் உதைத்தாள். கேட்டால் பயிற்சி என்றாள்.

எதிராளியாக வேண்டியவர் வரவில்லை. அவருக்குப் பதிலாகக் கோச் என்னை எதிரே நிறுத்தினாள். எங்களைவிடச் சின்னப் பெண், ஆனால் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இரண்டு நிமிடம் முடிந்தது. அவளைத் தாண்டி நான் போகவில்லை. எல்லோரும் கைதட்ட, கோச் பெல்ட்டை எடுக்கப் போனாள். இவள் எழுந்திருக்கவில்லை. என் சட்டைக்கையையும் விடவில்லை.

"ஏங்க, நீங்க இழுக்கவே இல்லல்ல?"

"இழுத்தேனே."

"நாள் முழுக்கத் துணிய இழுத்துப் பாக்கறவகிட்டயே கதை விடறீங்களா? தொளதொளன்னு இருந்துச்சு."

எனக்கு முகத்தில் அசடு வழிந்தது. "உனக்காகத்தானே..."

"டிவி ரிமோட்ட விட்டுக்குடுங்க, சந்தோஷமா வாங்கிக்கறேன். இத விட்டுக்குடுத்தா, அப்புறம் நீங்க எதுக்குப் பாராட்டினாலும் நான் நம்ப மாட்டேன்." கோச் பக்கம் திரும்பினாள். "மறுபடி வைங்க."

"தோத்துட்டா ஆறு மாசம் காத்திருக்கணும் அக்கா."

"இருக்கேன்."

இந்த முறை முழு பலத்தையும் போட்டேன். அவள் முகம் வெளுத்தது. பதினைந்து வருடக் குடித்தனத்தில் இந்த பலத்தை அவள் பார்த்ததில்லை. இடப்பக்கம் பாய்ந்தேன், அவள் கால் அங்கே இருந்தது. வலப்பக்கம் பாய்ந்தேன், அங்கேயும் இருந்தது. கையை உதறினேன், விடவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"இருபது செகண்ட்!" என்றாள் கோச்.

அப்போது அவளுடைய இடது பாதம் வியர்வையில் வழுக்கியது. புகுந்தால் பெல்ட் போச்சு. புகாவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

பாவி, நான் புகுந்தேன். அவளை அமுக்கிவிட்டேன்.

கோச் நிறுத்தச் சொன்னாள். இவள் சுவரோரம் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் போகவே எனக்கு தைரியம் வரவில்லை. பையிலிருந்து போனை எடுத்துத் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"அம்மா, தோத்துட்டேன். ஆமா, உன் மாப்பிள்ளைகிட்டதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதில்லம்மா, கேளு. ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட். அத்தன நேரம் அந்த மனுஷனால என்னைத் தாண்ட முடியல!"