மாப்பிள்ளையை அண்ணே என்றவள்

இளவரசி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது நாற்றங்காலில் வைத்து. எங்கள் ஊர் உறுவையாற்றில் நாங்கள் நாற்று பறித்துக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா மகன் சுப்பராயலு வரப்பில் ஓடி வந்தான்.

"அக்கா, பொண்ணு பொறந்திருக்கு. பேரு இளவரசி."

"பேரையும் கையோட கொண்டாந்துட்டியா? அரண்மனைய எங்கடா கட்டப் போற?"

சேற்றில் நின்ற பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாத்துகினே இரு, அவள பாரீசுக்கே அனுப்புறேன்" என்றான்.

அதை அவன் மறக்கவே இல்லை. அரியூர் தையலம்மாள் பெண் கேட்டு ஆள் விட்டபோது அவனுக்குக் கால் தரையில் இல்லை. தையலம்மாள் பெரியப்பா வழியில் எங்களுக்குத் தங்கை முறை. அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. ஒரே மகன் ராஜ்மோகன் பாரீசில் வேலையாக இருந்தான். அத்தை மகன், கட்டிக்கொள்ளும் முறைதான். ஒரு குறையும் சொல்ல முடியாத சம்பந்தம்.

அவனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். கம்ப்யூட்டரிலேயே பெண் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டான். இளவரசி கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டில் ஒன்று வைத்திருந்தாள், மேலே கேமரா எல்லாம் மாட்டி. அதில் வெளிநாட்டுக்குப் பேசினால் காசே ஆகாது என்று அவள் சொன்னபோது எங்களால் நம்ப முடியவில்லை. அதுவரைக்கும் பாரீசிலிருந்து போன் வந்தால் "நல்லா இருக்கியா, வெக்கிறேன்" என்பதற்குள் கட் ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தையலம்மாளும் அவள் தம்பி அரங்கநாதனும் தட்டோடு வந்தார்கள். கூடத்தில் எல்லாரும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். ராஜ்மோகன் கோட்டு போட்டுக்கொண்டு திரையில் வந்தான். இளவரசிதான் அழைப்பைப் போட்டாள். பெரியவர்கள் காலில் விழுந்தாள், திரையைப் பார்த்துக் கும்பிட்டாள், "வாங்க அத்தை" என்று தையலம்மாளுக்குக் காப்பி கொடுத்தாள். முகம் காட்டியானதும் பெண் உள்ளே போய்விட வேண்டுமல்லவா, போய்விட்டாள். அந்தப் பெட்டியை இயக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையும் அவசரப்படாமல் கரும்பு வெட்டு வரைக்கும் விசாரித்தான். கடைசியில், "அம்மா ஊட்டுக்குப் போயி சேதி சொல்லும், மாமா. வெச்சிடுங்க" என்றான். சுப்பராயலு எழுந்துபோய், டிவியை அணைக்கிற மாதிரி, திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினான். திரை இருட்டானது. பேச்சு முடிந்தது என்று நாங்கள் கேசரித் தட்டை எடுத்தோம்.

கொஞ்ச நேரத்தில் இருட்டுத் திரைப் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்தது. காரைக்கால் பக்கத்துப் பேச்சு.

"பாத்தாச்சாங்க? எப்படி இருக்கா?"

"அது கெடக்கட்டும். அம்மாவுக்குக் காலு முடியல, ஊட்டோட ஒரு ஆளு வேணும். தாலியக் கட்டி அரியூர்ல உட்டுட்டு வந்துர்றேன். விசா பேப்பர் ஆவல, பேப்பர் ஆவலன்னு சொல்லியே ஓட்டிடலாம்."

ராஜ்மோகன் குரல்தான்.

"பாவம்ங்க அந்தப் பொண்ணு. நமக்குக் கல்யாணம் ஆயிடிச்சின்னு இப்பவாவது அம்மாகிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னா அது உசுரோட இருக்காது."

"பப்பா!" என்று ஒரு குழந்தை கத்தியது.

தையலம்மாள் கையிலிருந்த கேசரி மடியில் விழுந்தது அவளுக்கே தெரியவில்லை. அரங்கநாதன்தான் முதலில் கத்தினான்: "அந்தச் சனியன நிறுத்துய்யா!" சுப்பராயலு பதறிப்போய் அதே பொத்தானை மறுபடி அழுத்தினான். திரை வெளிச்சமானது. கோட்டைக் கழற்றிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் ஒரு பெண் குழந்தையோடு நின்றிருந்தான் ராஜ்மோகன். குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது.

இளவரசி உள்ளேயிருந்து வந்தாள். தலை நிறைய மல்லிகை. முகத்தில் ரத்தமே இல்லை. நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ராஜ்மோகன் அண்ணே."

சுப்பராயலு தலையில் கை வைத்துக்கொண்டான். கட்டிக்கிற முறைக்காரனை ஒரு தடவை அண்ணே என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டால் தீர்ந்தது. அப்புறம் எந்தப் பஞ்சாயத்தும் அதை ஒட்ட வைக்காது.

அவன் திரும்பினான். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"திரைதான் அணைஞ்சிச்சி, லைன் கட் ஆவலண்ணே. எல்லாம் கேட்டுச்சி. பெரியம்மா இங்கதான் ஒக்காந்திருக்காங்க."

பெரியம்மா! சற்று முன்னால் அத்தையாக இருந்தவள். கை நீட்டி அழைப்பை நிறுத்தப் போன இளவரசியை, "இரும்மா" என்று தடுத்தாள் தையலம்மாள். காலை இழுத்துக்கொண்டு திரைக்கிட்டே வந்தாள். மகனைப் பார்க்கவில்லை.

"இன்னா பேரு அதுக்கு?"

அந்தக் காரைக்கால் பெண்தான் பின்னாலிருந்து பதில் சொன்னாள். "எலோடிங்க அத்த."

"இன்னாது?"

"எலோடி."

"வாயில நுழையலியே" என்று சொல்லிவிட்டு, தையலம்மாள் கொண்டுவந்த தட்டைக்கூட எடுக்காமல் வாசலுக்கு நடந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. ஊர் அவனைத் திட்டவில்லை. "அவன சரிகட்டி, நெல்லு அறுத்ததும் கல்யாணத்த முடிச்சிருக்கலாம், இந்தப் பொண்ணு வாய அடக்காம அண்ணேன்னுடுச்சே" என்றார்கள். பெற்ற அப்பனே, "பாரீசு போச்சே" என்று சாப்பிடாமல் படுத்தான். வருகிற வரனெல்லாம் இதைக் கேள்விப்பட்டுத் திரும்பியது.

"ஏன்டி, வேற ஒரு வார்த்த கெடைக்கலியா ஒனக்கு?" என்று நான் கேட்டேன்.

"வேற எத சொல்லியிருந்தாலும் சமாதானம் பேச வந்திருப்பீங்க அத்தை. நீங்களே முன்னால நின்னிருப்பீங்க."

நின்றிருப்பேன்தான்.

அவள் சும்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. வில்லியனூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கப் போனாள். அங்கிருந்து ஒருநாள் அரியூருக்குப் போய், தையலம்மாள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைக்கச் செய்து, அழைப்பு போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு ஆத்திரம். "ஒனக்கு மானம் இல்லியா?" என்றேன். "அந்தப் புள்ள இன்னா பண்ணுச்சி அத்தை?" என்றாள். தையலம்மாள் இன்று வரைக்கும் மகனோடு பேசுவதில்லை. பேத்தியோடு பேசுகிறாள், லோடி லோடி என்று.

கடைசியில் பாகூரிலிருந்து முத்துக்குமரன் பெண் பார்க்க வந்தான். டிராக்டர் ஓட்டுகிறவன். விஷயமெல்லாம் தெரிந்தே நேரில் வந்தான். அவள் காப்பி நீட்டியபோது எல்லார் எதிரிலும், "அண்ணேன்னு மட்டும் கூப்ட்ராதீங்க, நான் பஸ்ஸு செலவு பண்ணி வந்திருக்கேன்" என்றான். அன்றைக்குத்தான் அந்தக் கூடத்தில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இளவரசி இப்போது பாகூரில், ஏரிக்குப் போகிற தெருவில், முத்துக்குமரனோடு இருக்கிறாள்.