சட்டை குடித்த தண்ணீர்

இரண்டு காலுக்கும் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகள். கம்பளி சாக்ஸுக்கு மேல் அவற்றை மாட்டி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தைக் கணுக்காலில் ஏற்றிவிட்டுத்தான் ஷூவுக்குள் காலை விடுவார் ரெயின்கோட் அக்கா. பேன்ட் நுனி செயினில் சிக்காமல் இருக்கவும் அதே வளையம்தான். அடுத்து, நேற்றைய செய்தித்தாளை நான்காக மடித்து நெஞ்சுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே செருகுவார். காற்று அதைத் தாண்டாது.

"பேப்பரைப் படிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். உடுத்துறவளை இந்த வீட்டுலதான் பாக்குறேன்," என்பார் அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர். "தலையங்கத்தை வெளியில விட்டுடாதே."

"அதுதாங்க நல்ல சூடு. நெஞ்சுப் பக்கமே வச்சிருக்கேன்."

மகளுக்கு ஒரே கவலை. "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கயேம்மா."

"கிளம்பும்போது கொஞ்சம் குளிரணும்டி. வாசல்லயே கதகதன்னு இருந்தா, மேட்டுல மிதிக்கும்போது வேர்த்து உள்ளேருந்து நனைவேன்."

மருத்துவமனைகளில் எடுத்த ரத்தக் குப்பிகளைச் சைக்கிளில் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு சேர்ப்பது அக்காவின் வேலை. குப்பிகளுக்குக் குளிர் தாக்காத, தண்ணீர் புகாத இரட்டை மூடிப் பெட்டி உண்டு. அதைச் சுமக்கும் ஆளுக்கு நிறுவனம் கொடுத்தது ஒரு பருத்திச் சட்டை. சட்டைப்பையில் நிறுவனத்தின் முத்திரை இருப்பதால் மழையிலும் அது எல்லாவற்றுக்கும் மேலே தெரிய வேண்டுமாம். ரெயின்கோட் சட்டைக்கு உள்ளே. இப்படி ஒரு விதியை எழுதியவர் மழையை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

போன மாதம் அந்த விதிப்படி போன சக ஊழியர் ஒருவருக்கு விரல்கள் விறைத்து பிரேக் பிடிக்க வரவில்லை. சுவரில் மோதித் தோள் எலும்பு முறிந்தது. 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் கோப்பை மூடினார்கள். மறுநாளிலிருந்து அக்கா ரெயின்கோட்டை மேலே போட்டார். இரண்டு மெமோ வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"உடம்பு பழகிக்கும்மா," என்றார் மேலாளர். அவர் மேசைக்கு அடியில் ஹீட்டர் சிவந்துகொண்டிருந்தது.

"தெர்மாமீட்டருக்குப் பழக்கம் தெரியாது சார்."

நேற்று முன்தினம் அக்கா விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். பருத்திச் சட்டையை மேலே போட்டு, கொட்டும் மழையில் ஏழு கிலோமீட்டர் மிதித்து வந்து, அதைக் கழற்றிப் பரிசோதனைக் கூடத்து அளவு ஜாடியில் பிழிந்தார். ஆய்வகப் பெண் அளவைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு ஜாடியில் ஒட்டினாள்.

இன்று காலை ரெயின்கோட் மறுபடி மேலே. மேலாளர் மூன்றாவது மெமோவை மேசைமீது விரித்து வைத்திருந்தார். "விளக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அக்கா பக்கத்து ஆய்வகத்துக்குள் போய் ஜாடியைக் கொண்டுவந்து மெமோவின்மேல் வைத்தார்.

"என்னம்மா இது?"

"என் சட்டை குடிச்ச தண்ணி சார். அறுநூத்து நாப்பது மில்லி. இதை மாட்டிக்கிட்டு எதிர்க்காத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. என் சைக்கிளையே தர்றேன்."

மேலாளர் ஜாடியைப் பார்த்தார், சீட்டிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். "அப்ப கம்பெனி முத்திரை எப்படித் தெரியும்?" என்றார்.

அக்கா பைக்குள்ளிருந்து அதே சட்டையை எடுத்தார். இப்போது காய்ந்திருந்தது. மேசையிலிருந்த கத்தரிக்கோலால் முத்திரையுள்ள சட்டைப்பையை மட்டும் நறுக்கென்று வெட்டி, ரெயின்கோட்டின் நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

மெமோவின் ஓரம் ஜாடியிலிருந்து தளும்பிய நீரில் ஊறி மை கலங்கியிருந்தது. மேலாளர் அதைத் தொடவில்லை. டிராயரைத் திறந்து இரண்டு ஊக்குகளை எடுத்து நீட்டினார்.

"ரெயின்கோட்டுல ஓட்டை போடச் சொல்றீங்களே சார்," என்று ஊக்குகளை அவர் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தார் அக்கா. கைக்குட்டையால் ரெயின்கோட்டின் ஈரத்தை ஒற்றி, மேசைமீதிருந்த டேப்பை உருவி, துணியின் நான்கு பக்கமும் ஒட்டி, தண்ணீர் புக இடமில்லாதபடி விரலால் ஓரம் ஓரமாக அழுத்தித் தேய்த்தார்.