செல்லூர் பட்டறையில் செய்த டிரைவர்

செல்லூரில் விசைத்தறிச் சத்தம் பகல் முழுக்க ஓயாத ஒரு சந்தில் தேவிகாவின் பட்டறை இருந்தது. எவர்சில்வர் தகட்டை பிரஸ்ஸில் அழுத்தி டிபன் பாக்ஸும் தட்டும் செய்கிற இடம். அண்ணன் ராஜகுரு கடைகடையாகப் போய் ஆர்டர் பிடிப்பார். பிரஸ், தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற டை என்கிற அச்சு, வெல்டிங் எல்லாம் தேவிகாவின் பொறுப்பு. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், பட்டறையில் தமிழ் என்று வளர்ந்தவள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ஓசூரில் வேலை கிடைத்த மாதம் அப்பா இறந்துபோனார். பட்டறையை விட்டுப் போக முடியவில்லை. அதற்காக அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் வருஷக்கணக்காக அதே டிபன் பாக்ஸ். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், கைப்பிடி கழலக் கூடாது. அதற்கு மேல் அந்த வேலை அவளிடம் எதையும் கேட்கவில்லை.

2004ஆம் வருஷம் தை மாதத்தில் முத்துக்குமரன் வந்தான். வலது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"அக்கா, ஒரு டிரைவர் வேணும்."

"வண்டியே இல்லாதவகிட்ட வந்து டிரைவர் கேக்குறீங்களே தம்பி," என்றாள் தேவிகா.

அவன் சிரித்துவிட்டுத் துணிப்பைக்குள்ளிருந்து ஒரு நீளமான மட்டையை எடுத்தான். கோல்ஃபில் முதல் அடி, தூரத்து அடி, இதை வைத்துத்தான் அடிப்பார்கள். இதற்குப் பெயர்தான் டிரைவர் என்றான். மட்டையின் தலை மரம். கைமுஷ்டி அளவுதான் இருந்தது.

முத்துக்குமரன் செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஊருக்கு மேற்கே மில்காரர்கள் வைத்திருந்த சின்ன கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கப் போய், பார்த்துப் பார்த்தே விளையாடப் பழகியவன். பிறகு அங்கே வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுத்தான். முந்தின வருஷம் காளவாசல் முக்கில் ஒரு ஷேர் ஆட்டோ அவன் சைக்கிளில் மோதியதில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை பழையபடி மேலே போகவில்லை. அடித்த பந்து பாதித் தூரத்தில் விழுந்தது. வீச்சு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துக்கு வந்ததால் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுக் கருவேலங்காட்டுக்குள் போனது. இந்த நேரம் பார்த்து, லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர்தான் இனி வேண்டும் என்று மைதானத்தில் முடிவெடுத்திருந்தார்கள். லைசென்ஸுக்குக் கோயம்புத்தூரில் நடக்கிற தகுதி ஆட்டத்தில் தேற வேண்டும்.

"வெளிநாட்டு மட்டையில தலை பெரிசா, உள்ள காலியா இருக்கும்க்கா. ஓரத்துல பட்டாக்கூட பந்து ஓரளவு நேரா போகும். அத வாங்க எனக்கு வழியில்ல. உள்ள காலியா இருக்குற சாமானத்தானே நீங்க செய்யிறீக?"

தேவிகா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "நீங்க அடிக்கிறத நா பாக்கணும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனாள். மட்டையின் முகத்தில், பந்து படுகிற பக்கத்தில், சாக்பீஸ் பொடியைத் தடவி அடிக்கச் சொன்னாள். பந்து பட்ட இடமெல்லாம் வட்டமாகப் பொடி அழிந்திருந்தது. வட்டங்கள் ஓரத்துக்கு ஓரம் சிதறிக் கிடந்தன. ஓரத்தில் படும்போதெல்லாம் மட்டையின் தலை அவன் கைக்குள் முறுக்கிக்கொண்டு திரும்புவதை அவள் பார்த்தாள். எடை முழுவதும் நடுவில் இருப்பதால்தான் அது அவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது. காவடியின் இரு முனையிலும் பால்குடம் கட்டியிருந்தால் சட்டென்று திரும்ப முடியாது, இல்லையா? எடையை ஓரங்களுக்குத் தள்ளினால் தலை திரும்பாது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே மனசுக்குள் டை வெட்டத் தொடங்கிவிட்டாள்.

முதல் தலையை டிபன் பாக்ஸ் தகட்டிலேயே செய்தாள். மேல் பாதி, கீழ்ப் பாதி என்று அழுத்தி எடுத்தாள். வெல்டர் சோலை இரண்டையும் ஒட்டிக் கொடுத்தான். கொஞ்சம் அடித்ததுமே அதன் முகம், கீழே போட்ட டம்ளர் மாதிரி நசுங்கிவிட்டது.

ராஜகுரு அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "முகூர்த்த மாசம். பிரஸ்ஸ நிப்பாட்டிட்டு பொம்ம செஞ்சுக்கிட்டு இருக்க."

"ஆர்டர் எதுவும் நிக்கலண்ணே. ஞாயித்துக்கிழமை பிரஸ் சும்மாத்தான கெடக்கு?"

"சும்மா கெடக்கட்டும். மெஷினுக்கும் ஓய்வு வேணாமா?"

அடுத்த வாரம், பம்ப் தண்டு செய்யப் பயன்படுத்துகிற கடினமான ஸ்டீலில் ஒரு துண்டு தேடிப் பிடித்து முகம் செய்தாள். இந்தத் தடவை முகம் நசுங்கவில்லை. முகத்தைச் சுற்றியிருந்த வெல்டிங் விட்டுப்போனது. சோலை திரும்ப ஒட்டினான், திரும்பவும் விட்டது.

"என் ஒட்டுல கொறை இல்லக்கா," என்றான் சோலை, கொஞ்சம் வருத்தமாகவே. "அடி வாங்குற எடத்துலயே ஒட்டு இருந்தா அது என்ன செய்யும்?"

அவன் சொன்னது சரி. தேவிகா அதை யோசித்தபடியே மறுநாள் பிரஸ்ஸில் நின்றபோது, விளிம்பு மடங்கிய டிபன் பாக்ஸ் மூடிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. முகத்தையும் மூடி மாதிரியே விளிம்பைப் பின்னுக்கு மடித்துச் செய்தால் என்ன? ஒட்டு, அடி விழும் இடத்தைவிட்டுப் பின்னால் போய்விடும். அன்று மதியச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. அப்படி மடித்துச் செய்த தலை அடியைத் தாங்கியது.

அதற்குப் பிறகு, பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனாள். கடைசியில் வந்தது சின்னப் பூசணிக்காய் மாதிரி இருந்தது. ஆனால் ஓரத்தில் பட்ட பந்தும் கருவேலங்காட்டுக்குள் போகாமல் மைதானத்துக்குள்ளேயே விழுந்தது. முத்துக்குமரன் மட்டையைக் கீழே வைக்க மனசில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஆவணியில் தகுதி ஆட்டம். தேவிகாவும் கோயம்புத்தூருக்குப் போனாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் மட்டைகளைப் பரிசோதித்தவர் நாகசுப்பிரமணியன் என்கிற பெரியவர். டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அளவு போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தலையை மட்டும் அதில் முக்கினார். தண்ணீர் ஏறிய அளவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"விதியில தலையோட பருமனுக்கு 460 சிசிதான் வரம்பு. இது தாண்டிருச்சும்மா. இதை வச்சு ஆட விட முடியாது."

அப்படி ஒரு வரம்பு இருப்பதே தேவிகாவுக்குத் தெரியாது. "தப்பு என்னோடதுதான் சார். கேட்டிருக்கணும்," என்றாள்.

நாகசுப்பிரமணியன் விதிகளின் நகல் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "செஞ்ச விதம் நல்லா இருக்கு. இதைப் படிச்சுட்டு அடுத்த தடவை கொண்டாங்க."

முத்துக்குமரன் பழைய மர மட்டையால் ஆடினான். தேறவில்லை. திரும்பி வருகிற பஸ் பல்லடம் தாண்டியது.

"விட்ருவோம்க்கா," என்றான். "ஒங்களுக்கு எம்புட்டு வேலை. எனக்காக இம்புட்டு மெனக்கெட்டதே போதும்."

"ஒங்களுக்காக மட்டும்னு யாரு சொன்னா?" என்றாள் தேவிகா. "கைய வலிச்சுச்சா, அந்தப் பெரிய மட்டைய அடிக்கையில? உண்மையச் சொல்லுங்க."

கொஞ்சம் தயங்கினான். "நம்ம மைதானத்துல ஆடிப் பாத்தப்ப, பாதி ஆட்டத்துக்கு மேல தூக்க முடியல. நீங்க சங்கடப்படுவீகன்னு சொல்லல."

அவளுக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது. பெரிய தலைக்குத் தகடு அதிகம். தகடு அதிகமானால் எடை அதிகம். எடை கூடினால் வலிக்கிற தோள் வேகமாக வீசாது, வேகம் இல்லாமல் தூரம் இல்லை. வரம்பு குறுக்கே வந்திருக்காவிட்டால் இன்னும் பெரிதாகத்தான் செய்துகொண்டிருப்பாள்.

மதுரைக்கு வந்ததும் பழைய டையை மூலையில் தள்ளிவிட்டு, வரம்புக்கு நன்றாகவே உள்ளடங்குகிற சின்ன தலைக்குப் புது டை வெட்டினாள். மேல்பக்கத் தகட்டை மெலிதாக்கி, அதில் மிச்சமான எடையைப் பின்பக்க மூலைகள் இரண்டிலும் வைக்கவேண்டும் என்பது கணக்கு. மெலிதாக்கிய தகடு கட்டைவிரல் பட்டாலே குழிந்தது. தகட்டை மாற்றினாள், வளைவை மாற்றினாள், பயனில்லை. வீணான தலைகளால் ஒரு கூடை நிறைந்தது. ராஜகுரு அந்தக் கூடையைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார்.

ஆனால் விடை சொன்னதும் அவர்தான், அதுவும் எரிச்சலில். "பெரிய தாம்பாளத்துக்கு அடியில வரிவரியா மேடு அழுத்துறோம்ல, தகடு மெல்லிசா இருந்தாலும் நெளியாம இருக்கணும்னு? அத இதுல போட ஒனக்குத் தோணலையா?"

தேவிகா அண்ணனைப் பார்த்தாள். "தோணலண்ணே."

"நல்லா தோணுச்சு போ," என்று சொல்லிவிட்டு அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸை ஓட்டியது ராஜகுருதான்.

தலையின் உள்பக்கம் மூன்று வரி மேடு. தகடு நெளியவில்லை. மிச்சமான எடை பின்மூலைகளுக்குப் போனது. சாக்பீஸ் பொடி தடவி முத்துக்குமரன் அடித்தபோது வட்டங்கள் முன்போலவே சிதறித்தான் கிடந்தன; அவன் தோள் மாறவில்லை. ஆனால் பந்துகள் எல்லாம் மைதானத்தின் நடுவாட்டிலேயே விழுந்தன. மட்டை லேசானதால் வீச்சில் வேகம் வந்து, பெரிய தலையால் அடித்ததைவிடத் தூரமாகவும் போயின. ஆட்டம் முடியும்வரை அவன் கை தளரவில்லை.

அடுத்த ஆவணியில் நாகசுப்பிரமணியன் மறுபடி தண்ணீரில் முக்கிப் பார்த்தார். "உள்ளதான் இருக்கு. ஆடுங்க," என்றார். இரண்டாம் நாள் கடைசிக் குழியில், முத்துக்குமரன் பதற்றத்தில் வீசிய வீச்சில் பந்து மட்டையின் நுனியில் பட்டது. சத்தத்திலேயே தேவிகாவுக்குத் தெரிந்துவிட்டது. பந்து வலப்பக்கம் மரங்களை நோக்கிக் கிளம்பி, மெல்ல வளைந்து உள்ளே திரும்பி, புல் வெட்டிய பாதையின் ஓரத்தில் வந்து நின்றது. அங்கிருந்து அவன் தப்புச் செய்யவில்லை. தேறுவதற்கு அனுமதித்த அடிகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருக்கத் தேறினான். வெளியே வந்ததும் முதலில் ஒரு டீ வேண்டும் என்றான்.

அந்த வருஷமே அவனை மைதானத்துப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்கள். அவனிடம் பழக வந்தவர்களில் சிலர் அதே மாதிரி டிரைவர் கேட்டார்கள். தோள் வலிக்காரர்கள், வயதானவர்கள், புதிதாகப் பழகுகிறவர்கள். தேவிகா ஒவ்வொருவர் அடிப்பதையும் நேரில் பார்க்காமல் தலை செய்ய ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தலைகள் விரிசல் விட்டுத் திரும்பி வந்தன. அறுத்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடித்துப் புதிதாகச் செய்து கொடுத்தாள். டிபன் பாக்ஸ் வேலையும் நிற்கவில்லை.

2007ஆம் வருஷம் அஸ்வினி என்ற கல்லூரிப் பெண்ணை முத்துக்குமரன் பட்டறைக்குக் கூட்டிவந்தான். நன்றாக ஆடுகிறவள், ஆனால் இடதுகைக்காரி.

"இருக்குற டையில இவளுக்கு முடியாதுல்லக்கா?" என்றான்.

"முடியாது. எல்லாம் தலைகீழா வரணும். முதல்லருந்து வெட்டணும்."

"அம்புட்டு வேலைன்னா வேணாம் மேடம்," என்றாள் அஸ்வினி.

தேவிகா அலமாரியிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டாள். "மைதானம் எத்தன மணிக்குத் தொறப்பாங்க, தம்பி?"