கதவுள்ள அறை

உள் அறையிலிருந்து 'சர்ர்ர்... டக்' என்று சத்தம் வந்தது. இரும்பு நாடா இழுபட்டு, அளந்து முடித்து, திரும்பத் தன் கூட்டுக்குள் ஓடிச் சுருண்டுகொள்ளும் சத்தம்.

சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த நாற்காலியம்மா வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். இருபது வருஷமாகக் காதில் விழுந்து பழகிய சத்தம்தான். ஆனால் இதுவரை மற்றவர்களுடைய இடத்தில்தான் அந்த நாடா ஓடியிருக்கிறது. இன்று அவள் வீட்டுக்குள் ஓடுகிறது.

கதவோரம் ஸ்டூலில் அவளுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் சரியாக வராது, நடப்பதற்குக் கைத்தடி. கீழ்வீட்டு அம்மாவிடம் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதாகத்தான் ஏற்பாடு. அறையை அளக்கக் கம்பெனி அனுப்பிய மனுஷர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மணியடித்துவிட்டார். வேறு வழியில்லாமல் அக்காவை அவசர அவசரமாகச் சமையலறைக்குள் தள்ளிக் கதவை ஒருக்களித்து வைத்தாயிற்று.

"இருமல் வந்தா?" அக்கா கிசுகிசுத்தாள்.

"முந்தானையை வாயில வெச்சுக்கோ."

"தும்மல் வந்தா?"

"அக்கா, விளையாடாதே. என் வேலை போயிடும்."

"போகாதுடி. நான் என்ன இன்னைக்கு நேத்தா உனக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கேன்?" அக்கா ஒரு பக்க வாயால் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நாற்காலியம்மா டீ டம்ளரோடு வெளியே வந்தாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆபீசில் வைத்த பெயர் இது. யார் எங்கே உட்காரவேண்டும், எந்த மேஜை எந்தப் பக்கம் பார்க்கவேண்டும், யாருக்கு ஜன்னல், யாருக்குச் சுவர் என்று முடிவு செய்கிற வேலை அவளுக்கு. நாலு மாடி நிறைய ஆட்கள் இருந்த காலத்தில் அவள் வராந்தாவில் நடந்து வந்தாலே பேச்சு ஆரம்பித்துவிடும். "கெட்டியாப் பிடிச்சுக்கோங்கப்பா, நாற்காலியம்மா வராங்க! எழுந்தா போச்சு!"

அவளும் சிரித்துக்கொண்டே போவாள். பின்னால் வந்தது சிரிக்கிற காரியம் இல்லை.

வாடகை ஏறுகிறது என்றது கம்பெனி. நாலு மாடி இரண்டானது. இனிமேல் யாருக்கும் சொந்த மேஜை கிடையாது, இழுப்பறை கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது என்று திட்டம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். மூன்று பேருக்கு ஒரு நாற்காலி. கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர், மேஜைக் கண்ணாடிக்கடியில் செத்துப்போன மனைவியின் படத்தை வைத்திருந்தவர், அவளிடம் வந்து நின்றார். "இந்தப் படத்தை நான் எங்கேம்மா வைக்கிறது?"

"வீட்டுல வெச்சுக்கோங்க சார். உங்களுக்குன்னு இடம் எதுக்கு? வர்ற அன்னைக்கு எது காலியோ அதுல உட்காருங்க."

அன்று சாயங்காலம் அதை அக்காவிடம் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை. "நீ படிக்கிறப்போ உனக்குன்னு ஒரு இடம் வேணும்னு அழுதியேடி" என்றாள், அவ்வளவுதான்.

உண்மைதான். அம்மா போன பிறகு இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே ஓர் அறை. தையல் மெஷினில் ராத்திரி பகலாக மிதித்துச் சம்பாதித்த அக்கா, படிக்கிற பிள்ளைக்குக் கதவு வேண்டும் என்று சொல்லி, அந்த அறையைத் தங்கைக்கு விட்டுவிட்டு அடுப்பு மேடைக்கடியில் பாய் விரித்தாள். தனக்குக் கல்யாணம் என்ற பேச்சையே அதே கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். தங்கை படித்தாள், வேலைக்குப் போனாள், கட்டிக்கொண்டாள், புருஷனையும் இழந்தாள். இப்போது மகள் வெளியூரில் விடுதியில் தங்கி மருத்துவம் படிக்கிறாள். இந்தச் சம்பளத்தில் ஒரு மாதம் தவறினாலும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவேண்டியதுதான்.

போன வருஷம் இரண்டு மாடியும் போனது. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஆனால் தகுதியான இடம் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வேலை என்று ஏற்பாடு. தகுதி என்ன என்று எழுதச் சொன்னார்கள். எழுதியவளும் அவளே! பூட்டுகிற கதவோடு தனி அறை. அந்த அறையில் வேறு யாரும் தங்கக்கூடாது. வீட்டில் நிரந்தரமாக நோயாளிகள் இருக்கக்கூடாது. கண்டிப்பாக எழுதினால் ஆட்கள் தானாகக் கழிவார்கள், மேலிடம் மெச்சும் என்று நினைத்தாள். மெச்சவும் செய்தார்கள். நாற்காலியே இல்லாத ஆபீசுக்கு நாற்காலியம்மா எதற்கு என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் அவளுக்கு மிச்சம் வைத்தது ஊழியர்களின் புகாரை ரகசியமாகப் போனில் கேட்கும் வேலை. அதற்கும் அதே தகுதி.

வீட்டில் கதவுள்ள அறை ஒன்றுதான். அது அக்காவின் அறை. காலையில் இருவருமாகக் கட்டிலைக் கழற்றினார்கள். அக்கா ஒற்றைக் கையால் மருந்துப் பாட்டில்களைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டாள். மேஜையும் நாற்காலியும் கேமரா வைத்த கம்ப்யூட்டரும் உள்ளே வந்தன. சத்தம் புகாமல் கதவு விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டியாயிற்று, வாசல் கதவுக்கும்கூட.

அளவுக்காரர் டீயை வாங்கிக்கொண்டார். மெலிந்த ஆள். குரல் உயராது. அதுதான் பயமாக இருந்தது.

"சுவத்துல இது என்னம்மா கோடு?"

கட்டில் இருந்த இடத்திலிருந்து குளியலறை வரைக்கும், இடுப்புயரத்தில், சுவரில் ஒரு கருத்த தடம் ஓடியது. தடவித் தடவி நடந்த கையின் தடம். காலையில் அது அவள் கண்ணில் படவே இல்லை.

"பழைய பெயிண்ட் சார்."

அவர் கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். தைல வாசனை வந்திருக்கும். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுல நீங்க மட்டும்தானா?"

"ஆமா சார். மகள் விடுதியில."

"நல்லது. கடைசியா சத்தம் பார்க்கணும். நான் உள்ள கதவைச் சாத்திக்கிறேன். நீங்க கூடத்துல நின்னு பேசுங்க."

"என்ன சார் பேசறது?"

"வீட்டுல எப்பவும் பேசறதைப் பேசுங்க."

கதவு சாத்திக்கொண்டது. யாருமில்லாத கூடத்தில் அவள் நின்றாள். "இது அமைதியான வீடு," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "இங்கே நான் மட்டும்தான் இருக்கேன். வேற யாரும் இல்லை. எனக்கு யாரும் இல்லை..."

சமையலறையில் 'தடால்' என்று கைத்தடி விழுந்தது.

கை நழுவி விழுந்ததா? கேட்ட வார்த்தையால் விழுந்ததா? அது அக்காவுக்கே வெளிச்சம்.

அறைக் கதவு மெல்லத் திறந்தது. "நீங்க பேசினது எதுவும் கேட்கலைம்மா. கதவு நல்லா இருக்கு," என்றார் அளவுக்காரர். "ஆனா ஏதோ விழுந்த மாதிரி..."

அவர் சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்தார். ஒருக்களித்த கதவுக்குள் அக்காவின் புடவையும் கீழே கிடந்த கைத்தடியும் தெரிந்தன. நாற்காலியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது, பாவி வாய்!

"அவங்க... தெரிஞ்சவங்க சார். விருந்தாளி. ஊர்லேர்ந்து பார்க்க வந்தாங்க. இப்போ கிளம்பிடுவாங்க."

"இப்பவேயா?"

"ஆமா... இப்பவே."

"அடடா, அப்ப நல்லதாப் போச்சு," அளவுக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். "நான் பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போறேன். கார் கீழே நிக்குது. இந்தக் காலை வெச்சுக்கிட்டு அவங்க ஏன் அலையணும்? வாங்கம்மா, இறக்கி விட்டுடறேன்."

தெரிந்துதான் சொல்கிறாரா? நல்ல மனசால் சொல்கிறாரா? முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"வேண்டாம் சார், அப்புறமா நானே..."

"ஏன், கிளம்பறதா இல்லையா?"

கேள்வி கத்தியைப் போலத் தொங்கியது. ஒரு வார்த்தை போதும். 'இவங்க என் அக்கா.' அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. விடுதி அறையில் புத்தகத்துக்கு மேல் குனிந்திருக்கும் மகளின் தலை கண்ணில் நின்றது.

அதற்குள் அக்கா சுவரைப் பிடித்து எழுந்துவிட்டாள். கைத்தடியைக் குனிந்து எடுத்தாயிற்று, துணிப்பை தோளில் ஏறியிருந்தது. பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"கிளம்பறேன் ஐயா. சொல்லிக்கிட்டுதான் இருந்தேன் இவங்ககிட்ட."

'இவங்க'. பெற்ற தாயைப் போல வளர்த்தவள் வாயிலிருந்து வந்த மரியாதை!

"எந்த ஊர் பஸ்ஸும்மா?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. "எது காலியா வருதோ, அதுல உட்கார்ந்துக்கறேன்."

நாற்காலியம்மா தூணாக நின்றாள். அரை மணி நேரம்தானே, இவர் போனதும் ஆட்டோ பிடித்து ஓடி அழைத்து வந்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கையும் அளவுக்காரர் படித்துவிட்டாற்போலத் திரும்பினார்.

"அறை தேறிடுச்சும்மா. நான் படியிறங்கினதும் உங்களுக்கு வேலை ஆரம்பம். போன் வந்துக்கிட்டே இருக்கும். சாயங்காலம் வரைக்கும் கேமரா முன்னாடியிருந்து எழுந்திருக்காதீங்க. முதல் நாள் எழுந்துட்டாத் தகுதி இல்லைன்னு ஆகிடும். விதி உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுவும் அவள் எழுதியதுதான்.

அக்கா வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். "வரேம்மா. தொந்தரவு கொடுத்துட்டேன். ராத்திரி மறக்காம சாப்பிடுங்க."

கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிய அக்காவின் வலது கை, பழக்கத்தில், நிலைக்கட்டையை ஒரு தடவை தடவியது. அளவுக்காரர் அவள் முழங்கையைப் பதமாகப் பிடித்துக்கொண்டார். இருவரும் முதல் படியில் இறங்கினார்கள்.

"வாசல் கதவையும் பார்த்துடறேன்," படியிலிருந்து அவர் குரல் வந்தது. "உள்ளேயிருந்து இழுத்துச் சாத்துங்கம்மா."

உள்ளே மேஜைமேல் போன் அடிக்க ஆரம்பித்தது. அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். ரப்பர் பட்டை கச்சிதமாகப் பொருந்தியது. படிகளில் இறங்கும் கைத்தடியின் சத்தம் பாதியில் அறுந்து நின்றது.