வாய் அடைத்த இழைப்புளி

மழை பிடித்ததும் சீர்காழியில் மூட்டை இறக்கும் வேலை நின்றுபோனது. பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருந்தேன். சாரல் அடிக்காத பக்கம் முன்னரே ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்திருந்தது.

வலங்கைமானில் ஒரு மரப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று லாரி டிரைவர் ஒருவர் சொன்னார். சொந்தமாக இழைப்புளி வைத்திருந்தால் படுக்க இடமும் உண்டாம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் நான் செய்த பல வேலைகளில் தச்சு வேலையும் ஒன்று. கை தெரியும், கருவிதான் இல்லை.

ஐப்பசியில் எங்கள் பக்கத்துக் கதவுகள் ஈரம் குடித்து உப்பி நிலையில் சிக்கும். ஓரத்தை இழைத்துவிட வேண்டும். மழை நாளில் கரண்டை நம்ப முடியாது. அதனால் மெஷின் வைத்திருக்கும் பட்டறைகளும் அந்தச் சமயத்தில் கை இழைப்புளி ஆளைத் தேடும்.

பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடந்தது. தகட்டின் எடைக்காக யாரோ கட்டையோடு போட்டிருந்தார்கள். தகடு முழுக்கத் துரு. கட்டை எண்ணெய் ஏறிக் கருத்திருந்தது. தகட்டை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு இரண்டாகப் பிளந்திருந்தது. வாங்கிக்கொண்டேன்.

தகட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் செங்கல் பொடியால் தேய்த்தேன். துருவுக்குக் கீழே இரும்பு நன்றாகவே இருந்தது. சாணைக்கல்லில் கூர் ஏற்றினேன். உடைந்த கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, கட்டையின் அடிப்பக்கத்தை அதில் தேய்த்துச் சமன் செய்தேன். கருவேலங்குச்சியில் புது ஆப்பு செதுக்கினேன். எல்லாம் பஸ் ஸ்டாண்டிலேயே நடந்தது. டீக்கடைக்காரர், "கோயில் கட்டப் போறியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வலங்கைமான் பட்டறையை ஒரு அம்மா நடத்தினார். ஐம்பது வயதிருக்கும். புருஷன் குவைத்தில். என்னையும் இழைப்புளியையும் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த வேப்பங்கதவைக் காட்டினார்.

"இந்தக் கதவுக்காரங்க சாயங்காலம் வண்டி கொண்டாருவாங்க. கரண்டும் இல்ல. ஓரம் இழைச்சு முடிச்சிட்டா பின்னால கொட்டகையில படுத்துக்கங்க. முடியலன்னா கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்."

இழைத்தேன். முதல் இழுப்பில் சுருள் வந்தது. அடுத்ததில், சீவல் வெளியேறும் வாயிலேயே நின்றுவிட்டது. எடுத்துவிட்டு மறுபடி தள்ளினேன். மறுபடி அடைத்தது. தகட்டை ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி தீட்டினேன். மெஷின் ஓட்டும் ஆள் கரண்ட் இல்லாததால் பலகை மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"என்னய்யா, இழைக்குதா, வெத்தல போடுதா? வாய் நிறைய வச்சுக்கிட்டுத் துப்ப மாட்டேங்குது."

"தகடு சரியாத்தாண்ணே இருக்கு."

"அப்ப கதவுதான் சரியில்ல போல."

சிக்கிய சீவலை ஆணியால் குத்தி எடுத்தேன். கூடவே மஞ்சளாய்ப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். தகட்டுக்கு முன்னால், சீவல் ஏறிவரும் பள்ளத்தில், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருக்கிறார்கள். பழையதை யாரும் எடுக்கவில்லை. அதன் மேலேயே வைத்து வைத்துக் கல்லாகி, எண்ணெய் குடித்து, கட்டையின் நிறத்துக்கே வந்துவிட்டது. நானும் அதை மரம் என்றே நினைத்திருந்தேன்.

அங்கே கிடந்த உளியை எடுத்ததும் மெஷின்காரர் எழுந்துவிட்டார்.

"யோவ், சந்தனப் பொட்டையா சுரண்டுற? எவனோ கும்பிட்டு வச்சது. இப்பத்தான் பூஜை போட்டிருக்கு இங்க. வேணாம்."

அவருடைய மெஷினின் நெற்றியிலும் சந்தனம் இன்னும் புதிதாக இருந்தது. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவர் வேண்டாம் என்றால் பஸ்தான்.

"கோயில்ல நேத்து வச்ச சந்தனத்தக் கழுவாமயா இன்னிக்கு வைக்கிறாங்க?" என்றார் அவர். "ஆனா உளியால சுரண்டாதீங்க. தண்ணி காய வச்சுத் தரேன்."

வெந்நீரில் துணியை நனைத்துப் பள்ளத்தில் திணித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இளகியது. விரலால் வழித்தேன். மஞ்சளும் சிவப்புமாக அடுக்கடுக்காக வந்தது. மெஷின்காரர் ஒரு வாழையிலைத் துண்டை நீட்டி அதில் வாங்கிக்கொண்டார். கீழே போடாமல், கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கொட்டினார். துடைத்துப் பார்த்தபோது பள்ளம் ஒரு விரல் அகலம் கூடியிருந்தது.

அதற்குப் பிறகு வேப்பஞ்சுருள் காதோரம் வரை எழுந்து விழுந்தது. மாட்டுவண்டி வருவதற்குள் கதவு முடிந்தது. அந்த அம்மா ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வந்து இழைப்புளியின் வாய்க்கு நேராக விரலைக் கொண்டுபோனார்.

"அம்மா, பின்னாடி வைங்க" என்றேன்.

மெஷின்காரர் சிரித்தார். "ஆமாம்மா. மறுபடி வெத்தல போட ஆரம்பிச்சிடும்."

கொட்டகை ஒரு மூலையில் ஒழுகியது. இன்னொரு மூலையில் சீவலை மெத்தையாகப் பரப்பிப் படுத்தேன். சில நாளில் சேற்றுப்புண் ஆறிவிட்டது. தை பிறந்து கதவுகள் ஈரம் காய்ந்து சிக்காமல் மூடிக்கொள்ள ஆரம்பித்ததும் வேலை குறைந்தது. இழைப்புளியைத் துணியில் சுற்றிக்கொண்டு பேராவூரணிக்குப் பஸ் ஏறினேன். அங்கே அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லோருடைய கருவிகளையும் வரிசையாக வைத்தார்கள். என்னுடையதை மட்டும் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.